ஐஸ்பழமும் சமூக வரலாறும்: ஒரு நோக்கு

வரலாறு என்றவுடன் அரசர்தம் ஆட்சிக்காலங்களும் போர்களும் ஒப்பந்தங்களுமே நினைவுக்கு வருகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஓர் ஒழுங்கை முனையில், சித்திரை வெயிலில், பாடசாலை விட்டு வரும் சிறுவர் கூட்டமொன்று மணியோசை கேட்டு நிற்பதும், துவிச்சக்கரவண்டியின் பின்புறத்தே கட்டப்பெற்ற பெட்டி திறக்கப்பட அதனுள்ளிருந்து செந்நிற ஐஸ்பழமொன்று வெளிவருவதும் வரலாற்றுக்குரிய நிகழ்ச்சிகளாகக் கொள்ளப்படுவதில்லை. உருகி முழங்கைவரை வழியும் இனிப்பு நீர், சிவந்த நாக்கு, சளி பிடிக்குமெனத் தாய் இட்ட தடை, எஞ்சிய குச்சிகளைச் சேர்த்து வைத்து ஆடிய விளையாட்டு ஆகிய அனைத்தும் இளமைக்கால நினைவுகள் என்ற அளவிலேயே ஒதுக்கப்பட்டு வந்துள்ளன.

ஆயினும், இந்நினைவுகளுக்குள்ளே எளிதிற் கடந்து செல்லமுடியாத வினாவொன்று பொதிந்துள்ளது. நீர் ஒருபோதும் இயற்கையாக உறையாத நிலத்திலே, சில சதங்களுக்கு மேல் கையில் இல்லாத ஒரு பிள்ளைக்கு உறைந்த நீர் எவ்வாறு கிடைத்தது என்பதே அவ்வினா. இதற்கு விடைகாண முற்படுவோர் முகலாயர் அவையையும், வட அமெரிக்கக் குளங்களையும், சென்னைக் கடற்கரையையும், கொழும்பின் யந்திரசாலையையும் கடந்தே மீண்டும் அந்த ஒழுங்கை முனைக்கு வந்துசேர வேண்டியவராவர். அப்பாதையைச் சுருக்கமாகவேனும் காட்டுவதும், ஒரு பிள்ளையின் கோடை இன்பம் எத்துணை வலிமையற்ற அத்திவாரத்தின்மேல் நின்றது என்பதைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

முதற்கண், குளிர்ந்த பொருளுக்கும் உறைந்த பொருளுக்குமிடையேயுள்ள வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. வெப்பத்தைத் தணிக்கும் வழிகளை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். மண்பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது பானையிலுள்ள நீர் குளிர்கின்றது. நுங்கும் இளநீரும் மோரும் கோடைக்கெனவே அமைந்தவை. கோயில் திருவிழாக்களில் தண்ணீர்ப்பந்தல் அமைத்தல் அறமெனப் போற்றப்பட்டது. இவையனைத்தும் நிலத்திலிருந்தும் மரத்திலிருந்தும் அண்மையிலுள்ள மனித உழைப்பிலிருந்தும் கிடைத்தவை. உறைந்த பொருளோ இவ்வகையினதன்று. வெப்ப மண்டலத்தில் நீரை உறையவைப்பதற்கோ, உறைந்ததைக் கொணர்ந்து காப்பதற்கோ பெரும் உழைப்பும் பெரும் பொருளும் தேவைப்பட்டன. ஆகவேதான் அது நெடுங்காலம் அதிகாரத்தின் அடையாளமாகவே விளங்கிற்று.

இந்தியத் துணைக்கண்டத்தில் இதற்கான சிறந்த சான்றை அபுல் பசல் இயற்றிய அயினி அக்பரி வழங்குகின்றது. அக்பரின் அரண்மனையில் வெடியுப்புக் கரைந்த நீரினுள் குடுவையைச் சுழற்றிக் குடிநீர் குளிர்விக்கப்பட்டது. வெடிமருந்துக்குரிய பொருளே அரசரின் தாகத்தையும் தணித்தது. 1586ஆம் ஆண்டளவில் அரசவை பஞ்சாப்புக்குப் பெயர்ந்த பின்னர், வடக்கு மலைகளிலிருந்து பனிக்கட்டி படகுகளிலும் வண்டிகளிலும் ஆட்களின் தோள்களிலும் லாகூருக்குக் கொண்டுவரப்பட்டது. கோடையில் பிறரும் அதனை வாங்கினரெனினும், ஆண்டு முழுவதும் அதனை நுகர்ந்தோர் பிரபுக்களே என அந்நூல் குறிக்கின்றது. பனிக்கட்டியை நுகரும் கால அளவே ஒருவரது சமூகத் தரத்தைக் காட்டியது எனலாம்.

மலையடிவாரத்திலிருந்து தொலைவிலிருந்த சமவெளிகளில் வேறொரு முறை கையாளப்பட்டது. அலகாபாத் முதலிய இடங்களில் பனிக்கட்டி செய்யும் விதத்தைச் சேர் ரொபேட் பாக்கர் என்பவர் 1775இல் இலண்டன் றோயல் கழகத்தின் வெளியீட்டில் விவரித்துள்ளார். மாரிக்காலத்துத் தெளிந்த இரவுகளில், ஆழமற்ற குழிகளிற் கரும்புத் தட்டைகளைப் பரப்பி, அவற்றின்மீது ஆழங்குறைந்த மட்கலங்களிற் சிறிதளவு நீரூற்றி வைப்பர். காற்றின் வெப்பம் உறைநிலைக்கு மேலிருந்தபோதிலும், வெப்பம் வானை நோக்கி வீசப்படுவதால் கலத்து நீரின்மேல் மெல்லிய பனியேடு படியும். சூரியோதயத்தின் முன் தொழிலாளர் அதனைத் திரட்டி, வைக்கோலும் கம்பளியும் இட்ட ஆழ்குழியிற் சேமிப்பர். கோடையிலே இப்பனிக்கட்டியோடு உப்பைக் கலந்து அதனுட் கிண்ணங்களைப் புதைத்துச் சர்பத்தும் பாலேடும் உறையவைக்கப்பட்டன. விடியற்குளிரில் விரல் விறைக்கப் பனியேடு திரட்டியோர் யாவரென்பதை எந்த ஏடும் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. அவ்வுழைப்பின் பயனைக் கோடை விருந்தில் நுகர்ந்தோர் வேறொரு கூட்டத்தினர்.

உப்பைச் சேர்த்தலின் தத்துவம் இவ்விடத்து விளக்கத்தக்கது. தூய பனிக்கட்டி பூச்சிய பாகை செல்சியசில் உருகும். உப்பு சேரும்போது அதன் உருகுநிலை தாழ்கின்றது. உருகுவதற்குத் தேவையான வெப்பத்தை அது சூழவுள்ள பொருளிலிருந்து ஈர்த்துக்கொள்வதால், கலவையின் வெப்பநிலை ஏறத்தாழ 21 பாகை பூச்சியத்துக்குக் கீழே இறங்க முடியும். பனிக்கட்டி மட்டும் தனித்திருந்தால் இனிப்பு நீரைக் குளிர்விக்கலாமேயன்றி உறையவைத்தல் இயலாது. 1843இல் அமெரிக்காவில் நான்சி ஜோன்சன் என்னும் பெண்மணி காப்புரிமை பெற்ற கைச்சுழல் பொறியும் இத்தத்துவத்தையே பயன்படுத்திற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பனிக்கட்டி உலகச் சந்தைக்குரிய பண்டமாயிற்று. அமெரிக்காவின் பொஸ்ரன் நகர வணிகரான பிரெடெரிக் ரியூடர், 1806இல் கப்பலொன்றிற் பனிக்கட்டியை ஏற்றி மாட்டினிக் தீவுக்குச் சென்றார். அங்கே அதனைச் சேமிக்கத் தக்க களஞ்சியம் இருக்கவில்லை. வாங்கியோருக்கு அதனைப் பேணும் விதமும் தெரிந்திருக்கவில்லை. அம்முயற்சி நட்டத்தில் முடிந்தது. ஆயினும் அவர் சோர்ந்தாரல்லர். குளத்துப் பனிக்கட்டிக்கு விலையில்லை. அதனைக் காக்கும் மரத்தூள் மரம் அரியும் ஆலைகளின் கழிவு. கீழைத்தேயப் பண்டங்களை ஏற்றிவரச் செல்லும் கப்பல்களோ போகும்போது போதிய சுமையின்றிச் சென்றன. விலையற்ற மூன்றைச் சேர்த்து விலையுள்ள ஒன்றாக்கிய வணிக நுட்பமே இவ்வணிகத்தின் உயிர்நாடியாகும்.

1833ஆம் ஆண்டு மே மாதத்தில் ரஸ்கனி என்னும் கப்பல் 180 தொன் பனிக்கட்டியுடன் பொஸ்ரனிலிருந்து புறப்பட்டது. பூமத்திய ரேகையை இருமுறை கடந்து, நான்கு மாதங்களின் பின் செப்டெம்பரில் அது கல்கத்தாவை அடைந்தபோது ஏறத்தாழ 100 தொன் எஞ்சியிருந்தது. அந்நகர ஐரோப்பியர் பணம் திரட்டிப் பனிக்கட்டிக் களஞ்சியமொன்றை அமைத்தனர். சென்னையிற் கடற்கரையையொட்டி 1842இல் அத்தகைய களஞ்சியம் எழுந்தது. 1846–47ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வால்டன் குளத்தில் பனிக்கட்டி வெட்டப்பட்டதைக் கண்ட தோரோ, 1854இல் வெளியான தமது நூலில், சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழ்வோர் தம் குளத்தின் நீரைப் பருகுவதை எண்ணி வியந்துள்ளார். ஆயினும் அவ்வாறு பருகியோர் அந்நகரங்களின் உழைக்கும் மக்களல்லர். ஐரோப்பிய அதிகாரிகளும் வணிகரும் அவர்களை அண்டியிருந்த செல்வந்தருமே பருகினர். கட்டுமரம் தள்ளியோரும் மூட்டை சுமந்தோரும் வாழ்ந்த கடற்கரையிலேயே அக்களஞ்சியம் நின்றது. எனினும் அதன் குளிர் அவர்களுக்குரியதாயிருக்கவில்லை.

அக்கட்டடத்தின் பிற்கால வரலாறும் சுவையானது. பனிக்கட்டி வணிகம் அழிந்தபின் அது வழக்கறிஞர் ஒருவரின் இல்லமாயிற்று. 1897 சனவரியிற் கொழும்பில் இறங்கி, கண்டி, அநுராதபுரம், யாழ்ப்பாணம் ஆகியவற்றில் உரையாற்றித் தமிழகம் சென்ற சுவாமி விவேகானந்தர், பெப்ரவரியிற் சென்னையில் தங்கியது அவ்வில்லத்திலேயே. கட்டடம் இன்று அவர் பெயரால் வழங்குகின்றது; சுற்றுப்புறத்துக்கோ ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் மக்கள் வழக்கில் நிலைத்துவிட்டது. களஞ்சியம் மறைந்த பின்னரும் அதன் குளிர் ஊர்ப்பெயரில் எஞ்சியுள்ளது.

இயற்கைப் பனிக்கட்டி வணிகத்தை வீழ்த்தியது யந்திரமே. அமுக்கப்பட்ட ஆவி விரியும்போது வெப்பத்தை உறிஞ்சும் என்ற தத்துவத்தின் அடிப்படையில் 1834இல் யேக்கப் பேர்க்கின்ஸ் காப்புரிமை பெற்றார். 1859இல் பேர்டினன்ட் கரே அமோனியாவைப் பயன்படுத்தும் பொறியை ஆக்கினார். இலங்கையில் 1866இல் கொழும்பு ஐஸ் கொம்பனி தோன்றியது. பிற்காலத்தில் யானைச் சின்னத்தால் நாடெங்கும் அறியப்பட்ட நிறுவனத்தின் மூலம் இதுவே. இதனோடு குளிர்ச்சியின் வரலாற்றில் ஒரு பெருந்திருப்பம் நிகழ்ந்தது. அதுவரை குளிர் தொலைவிலிருந்து வந்தது. இனி உள்ளூரிலேயே பிறந்தது. அதுவரை பருவத்தையும் கப்பலையும் நம்பியிருந்தது, இனி எரிபொருளையும் பின்னர் மின்சாரத்தையும் நம்பியிருக்கலாயிற்று. விலை குறைந்தமை ஒருபுறமிருக்க, புதியதொரு சார்புநிலை பிறந்தமையும் கவனிக்கற்பாலது.

பனிக்கட்டி மலிந்தமை மட்டுமே அதனைப் பிள்ளைகளின் கையிற் சேர்த்ததெனக் கொள்ளலாகாது. பண்டத்தை எந்தக் கலத்தில் வழங்குவது என்ற சிக்கல் எஞ்சியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டன் தெருக்களில் இத்தாலியக் குடியேற்றவாசிகள் சிறு கண்ணாடிக் கிண்ணங்களில் ஐஸ்கிறீம் விற்றனர். ஒரு பெனி கொடுத்தவர் அதனை நக்கியுண்டு கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க, அதே கிண்ணம் அடுத்தவருக்கு நிரப்பப்பட்டது. நோய் பரப்பும் கலமென அது கண்டிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உண்ணத்தகும் கூம்பு பரவியமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். கலத்தையே உண்டுவிடுவதால் கலத்தின் சிக்கல் தீர்ந்தது.

குச்சியோ இதனினும் எளிய தீர்வு. கலிபோர்னியாவைச் சேர்ந்த பிராங்க் எப்பர்சன் 1905இல், தமது பதினோராம் வயதில், இனிப்புத் தூள் கரைத்த நீரைக் கலக்கிய குச்சியோடு இரவு முழுவதும் வெளியே விட்டுவிட்டதாகவும், காலையில் அது குச்சியைப் பற்றி உறைந்திருக்கக் கண்டதாகவும் கூறினார். 1924இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். உலகெங்கும் கோடிக்கணக்கான பிள்ளைகள் சுவைத்த ஒரு பண்டத்தின் தோற்றக்கதையே ஒரு மனிதரின் இளமைக்கால நினைவை ஆதாரமாகக் கொண்டுள்ளமை நோக்கத்தக்கது. இளமை நினைவு வரலாற்றுச் சான்றாகாதெனின் இவ்வரலாற்றின் தொடக்கத்தையே நாம் கைவிட நேரிடும்.

கலமற்ற இப்பண்டம் யாழ்ப்பாணச் சமூகத்தில் வந்து சேர்ந்தபோது அது வேறொரு பொருளையும் பெற்றது. இச்சமூகத்திற் கலம் என்பது வெறும் பாத்திரமன்று, சாதியின் எல்லைக்கோடு. வாய் படாது அண்ணாந்து பருகுவதற்கேற்ற மூக்குப்பேணி ஒருபுறமிருக்க, தாழ்த்தப்பட்டோருக்குச் சிரட்டையிலும் போத்தலிலும் பானம் வழங்கிய வழக்கம் மறுபுறமிருந்தது. பொதுக்கிணறுகள் அவர்களுக்கு மறுக்கப்பட்டன. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் இயற்றப்பட்ட பின்னரும் தேநீர்க் கடைகளிற் சமமாக அமரும் உரிமை போராடியே பெறவேண்டியதாயிற்று. 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், அதனைத் தொடர்ந்த தேநீர்க்கடைப் பிரவேசங்களும் அப்போராட்டத்தின் முக்கிய கட்டங்களாகும்.

இப்பின்னணியில் நோக்கும்போது, ஒழுங்கையில் வரும் ஐஸ்பழப் பெட்டியின் தன்மை புலனாகும். அதற்கு வாங்கு இல்லை, வாசல் இல்லை, கழுவிவைக்கும் குவளையும் இல்லை. குச்சி ஒருவருக்கே உரியது, உண்டபின் எறியப்படுவது. வேறு கலத்தில் தருதல் என்ற இழிவுக்கு இடமளிக்க இப்பண்டத்தின் அமைப்பே மறுத்தது. ஐஸ்பழம் சாதியை ஒழித்தது எனக் கூறுவது பேதைமை. பாடசாலையிலும் கோயிலிலும் கிணற்றடியிலும் நிலவிய வேறுபாடுகள் அதனாற் குறைந்தனவல்ல. எனினும், ஒரே பெட்டியிலிருந்து ஒரே வகைப் பண்டத்தை ஒரே விலைக்கு ஒரே முறையிற் பெற்ற அனுபவம் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு வேறெங்கு எளிதிற் கிடைத்தது என்ற வினா எழுப்பத்தக்கதே. இவ்வினாவுக்கு விடைகூற வல்லோர் அப்பிள்ளைகளாக இருந்தவர்களே.

பெட்டியின் பின்னால் ஓர் உற்பத்தி ஒழுங்கு இருந்தது. நிறமும் இனிப்பும் சேர்ந்த நீர் உலோக அச்சுகளில் ஊற்றப்பட்டு, அமோனியாப் பொறியாற் குளிர்விக்கப்பட்ட உப்புநீர்த் தொட்டியில் இறக்கப்படும். மீன் பொதிசெய்வதற்கான பனிக்கட்டிப் பாளங்களும் இவ்வகைத் தொட்டிகளிலேயே உறைந்தன. வடபகுதி மீனவர் பிடித்த மீன் கொழும்புச் சந்தைவரை கெடாது செல்லப் பனிக்கட்டியே துணைநின்றது. மீனவனின் வருவாயையும் மருத்துவமனைத் தடுப்பு மருந்தையும் பிள்ளையின் ஐஸ்பழத்தையும் காத்தது ஒரே குளிரேயாகும். அவ்வப்பொழுது பழுதடையும் துவிச்சக்கரவண்டியில், உருகுமுன் விற்றாக வேண்டும் என்ற நெருக்கடியோடு வெயிலில் மைல்கணக்காக மிதித்த விற்பனையாளனே இவ்வொழுங்கின் கடைசிக் கண்ணி. கோடையின் குளிர்ச்சியைப் பிறருக்குக் கொணர்ந்தவன் கோடையின் முழு வெப்பத்தையும் தானே ஏற்றான். ஊரிலே கூல்பார்கள் பெருகி, நல்லூர்த் திருவிழாவும் ஐஸ்கிறீமும் பிரிக்கவியலாதன என்ற நிலை தோன்றியபோதும், காசு குறைந்த பிள்ளையின் பண்டமாக நின்றது குச்சியிலிருந்த ஐஸ்பழமே.

இவ்வொழுங்கு முழுவதும் ஒரு மின்கம்பியைப் பற்றி நின்றது என்பது 1990இல் தெளிவாயிற்று. அவ்வாண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கான மின் வழங்கல் அற்றுப்போயிற்று. பொருளாதாரத் தடையின் கீழ் எரிபொருளும் மின்கலங்களும் தடுக்கப்பட்டன. ஜாம்போத்தலில் திரியிட்ட விளக்கு வீடுகளை ஆண்டது. துவிச்சக்கரவண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்கப்பட்டது. மின்பிறப்பாக்கியும் அதற்கான எரிபொருளும் எங்கு கிடைத்தனவோ அங்கு மட்டுமே பனிக்கட்டி சாத்தியமாயிற்று. நூற்றாண்டுக்கு மேலாக அரண்மனையிலிருந்தும் மாளிகையிலிருந்தும் தெருவை நோக்கி இறங்கிவந்த குளிர், ஓராண்டுக்குள் மீண்டும் எட்டாப் பொருளாயிற்று. அக்பரின் காலத்திற் போலவே, அதனை யார் எப்போது நுகரலாம் என்பதை அதிகாரமும் பணமும் மீண்டும் தீர்மானித்தன.

அக்காலத்தில் அங்கு வளர்ந்த பிள்ளைக்கு, குளிர்சாதனப் பெட்டி துணி அடுக்கும் அலுமாரியாக அறிமுகமாகியிருத்தல் கூடும். ஐஸ்பழம் என்பது அண்ணன் அல்லது அக்கா கூறும் கதையிலே வரும் பொருள். ஒரே வீட்டில், சில ஆண்டு இடைவெளியிற் பிறந்த இருவரின் இளமை நினைவுகள் இவ்வாறு பிளவுண்டன. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்தபோது இழந்தவற்றின் பட்டியலில் ஐஸ்பழத்தை எவரும் சேர்த்திரார். உயிரும் உறைவிடமும் இழந்தோர் முன் அதனைப் பேசுவதும் முறையன்று. ஆயினும், போர் ஒரு தலைமுறையின் பிள்ளைப்பருவத்தை எவ்வாறு அரித்தது என்பதைப் புள்ளிவிவரங்களிலும் நுண்மையாகக் காட்டக்கூடியது இத்தகைய சிறுபொருளின் இன்மையே. பெரிய இழப்புகளுக்கு நினைவுச்சின்னங்கள் உண்டு. சிறிய இழப்புகளுக்கு நினைவைத் தவிர வேறு சின்னமில்லை.

1996இன் பின்னர் மின்சாரம் படிப்படியாக மீண்டது. 2013இல் குடாநாடு தேசிய மின்வலையமைப்புடன் மறுபடி இணைந்தது. எனினும் இச்சார்புநிலை போர்க்காலத்துக்கு மட்டும் உரியதன்று. 2022இல் நாடு முழுவதையும் தாக்கிய பொருளாதார நெருக்கடியில், ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது, தென்பகுதிக் கடைக்காரனும் தன் பெட்டியிலிருந்த பண்டம் உருகுவதைப் பார்த்து நின்றான். வடபகுதியார் 1990இலேயே கற்ற பாடத்தை நாடு முழுவதும் அவ்வாண்டிற் கற்றுக்கொண்டது.

இதுவரை நோக்கியவற்றிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம். கோடைக்கால உறைபண்டங்கள் பற்றிய இளமை நினைவு தனிமனித ஏக்கம் மட்டுமன்று. தொழில்நுட்பம், வணிகம், சாதி, போர் ஆகியன ஒரு பிள்ளையின் நாவில் வந்து சந்தித்த இடம் அது. நினைவு தவறிழைக்கக்கூடியது என்பது உண்மையே. கழிந்த கோடைகளை அது இனிப்பாக்கும், விற்பனையாளனின் வியர்வையை மறக்கும், மறுக்கப்பட்டோரை மறைக்கும். ஆகவே பலரது நினைவுகளை ஒன்றோடொன்று வைத்து ஒப்புநோக்குதல் வேண்டும். வாங்கிய பிள்ளையிடம் கேட்பதோடு, வாங்க இயலாது நின்ற பிள்ளையிடமும், பெட்டியைச் சுமந்தவனிடமும், தொட்டியருகே நின்ற தொழிலாளியிடமும் கேட்டாக வேண்டும்.

அலகாபாத்தில் விடியற்காலையிற் பனியேடு திரட்டியோரிடம் எவரும் கேட்கவில்லை. இனிக் கேட்கவும் இயலாது. ஒழுங்கைகளில் மணியடித்துச் சென்றோருட் பலர் முதுமையெய்திவிட்டனர். அவர்களது நினைவும் பனிக்கட்டியின் இயல்பினதே, காப்பாரின்றேல் உருகிவிடும். அதனைத் திரட்டும் பணி வரலாறு பயிலும் மாணவர்களின் ஊர்களிலேயே, அவர்களது வீட்டுத் திண்ணைகளிலேயே காத்திருக்கின்றது.